கண்ணாடி அறைக் கதவு

படகின் மேல் அந்தக் கண்ணாடி அறை வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை, படகு தண்ணீரைத் தொடுவதற்கு முன்பே தொடங்கியது. துறைமுகத்தை விட்டு வெளியே வந்து, கரை ஒரு கோடாகத் தேய்ந்த பிறகும் ஓயவில்லை.

மூவரும் ஒரே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர்கள். அக்கா கிரைண்டர் பிடித்தவள். அவள் புருஷன் வெல்டர். தம்பி பாய்மரம் ஏறிக் கம்பியும் கயிறும் கட்டுகிறவன். பட்டறை ஓரத்தில் துருவேறிக் கிடந்த ஒரு இரும்புக் கூட்டை வாங்கி, வேலை முடிந்த சாயங்காலங்களில் மூவருமாக மெனக்கெட்டுப் பாய்மரப் படகாக்கினார்கள். அதில் தகராறு இல்லை. தகராறெல்லாம் சுக்கான் சக்கரத்தைச் சுற்றி வெல்டர் எழுப்பிய அந்த அறையைப் பற்றித்தான். நாலு பக்கமும் தடித்த கண்ணாடி, மேலே இரும்புக் கூரை, பின்னால் ஒரு கதவு, உள்ளே ஒரு ஹீட்டர். தம்பி அதற்கு வைத்த பெயர் மீன்தொட்டி.

அது அக்காவின் கைக்காகக் கட்டிய அறை. வருஷக்கணக்கில் கிரைண்டரின் அதிர்வை வாங்கிய விரல்கள் அவளுடையவை. வெயில் நாளில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. குளிர்ந்த காற்று பட்டால் போதும், நுனியிலிருந்து மெழுகு மாதிரி வெளுத்துக்கொண்டே வரும். அப்புறம் ஊசியால் குத்தினாலும் தெரியாது. சட்டைப் பொத்தான் போட முடியாது, கயிறு பிடிக்க முடியாது. குளிரில் போகாதீர்கள் என்று டாக்டர் சுலபமாகச் சொல்லிவிட்டார். இந்தக் கடலில் வருஷத்தில் பாதி குளிர்தான்.

"பெரிய பாயைப் பாருக்கா, வயிறு தொங்குது," என்றான் தம்பி.

அக்கா சக்கரத்தைப் பிடித்தபடியே கழுத்தை ஒடித்துக் கூரையைப் பார்த்தாள். பாயைப் பார்ப்பதற்கென்று வெல்டர் கூரையில் சின்னதாக ஒரு கண்ணாடி வைத்திருந்தான். அதில் மழைத்தண்ணீர் ஓடியது.

"ஒன்னும் தெரியலடா."

"எப்படித் தெரியும்? வெளிய நின்னா தலையைத் தூக்காமலே தெரியும். காத்து காதுல படணும்க்கா. காத்து திரும்புறது முதல்ல காதுக்குத்தான் தெரியும். இங்க உக்காந்தா டிவி பாக்குற மாதிரி இருக்கு. கடல் ஏதோ அடுத்த வீட்டுக்காரன் பிரச்சினை மாதிரி."

"ஆமாடா. போன தடவை இரவல் படகுல வெளிய நின்னு ஓட்டிட்டு வந்தியே, நனைஞ்ச கோழி மாதிரி. அப்புறம் ஜுரம் வந்து யார் வீட்ல கிடந்த? யார் கஞ்சி ஊத்துனா?"

"ஜுரம் வந்தா போயிடும். இது போகுமா? மேல இவ்வளவு இரும்பை ஏத்தி வெச்சா படகு சாயாம என்ன பண்ணும்? சின்னக் காத்துக்கே குடிகாரன் மாதிரி சாயுது."

கீழ் அறைக்கு இறங்கும் படியிலிருந்து வெல்டரின் குரல் வந்தது. கடைசிப் படியில் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். படகைக் கட்டியவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை.

"அந்த இரும்பை வளைச்சவன் இன்னும் சாகல மச்சான். கேட்டுட்டுதான் இருக்கேன்."

"கேளு மாமா. கேட்டுக்கிட்டே வாந்தி எடு."

வெல்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்து, வாளிக்குள் குனிந்தான். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே உள்ளே போய், சாய்ந்த பக்கத்துக் கட்டிலில் விழுந்தான். தலைமாட்டில் படகின் இரும்புச் சுவர். அதன் குளிர்ச்சி நெற்றிக்கு இதமாக இருந்தது.

காற்று ஏறிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே கடல் கறுத்து, அலைகளின் தலையில் வெள்ளை கிழிந்தது. உள்ளே ஹீட்டரின் விசிறி ஒரே சுருதியில் இரைந்தது. வைப்பர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் ஒவ்வொரு முறையும் டொக்கென்று முட்டியது.

"முன்பாயைச் சுருட்டணும். அப்பவே சுருட்டியிருக்கணும். வெளிய நின்னிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றான் தம்பி.

"சரிடா, தெரியாமப் போச்சு. விடேன்."

"எப்படி விடுறது? கடலுக்கு வர்றவங்க கடலுக்கு வரணும். முடியாதவங்க வீட்ல ஜன்னலோரமா உக்காந்துக்கணும். ரெண்டுங்கெட்டானா இது என்ன?"

சொன்ன பிறகுதான் அவன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே கேட்டது. அக்கா திரும்பவில்லை. சக்கரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றக் கையைத் தொடையில் வைத்துத் தேய்த்தாள். பிறகு கை மாற்றினாள்.

தம்பி எழுந்து மழைக்கோட்டையும் அதன் மேல் மிதவைச் சட்டையையும் போட்டான். நெஞ்சில் வார்ப்பட்டையை மாட்டி, அதிலிருந்து தொங்கிய இரண்டு இரும்புக் கொக்கிகளையும் ஒரு முறை இழுத்துப் பார்த்தான். தளத்தின் இரண்டு ஓரங்களிலும் முனையிலிருந்து பின்பக்கம் வரை ஒரு பட்டை ஓடுகிறது. வெளியே போகிறவன் ஒரு கொக்கியை அதில் மாட்டிக்கொண்டுதான் நகர வேண்டும். அது கடலில் எல்லாருக்கும் உள்ள விதி. இந்தப் படகுக்கு மட்டும் இன்னொரு விதி இருந்தது. ஆள் வெளியே போனால் அறைக் கதவு திறந்தே இருக்க வேண்டும். கதவைச் சாத்தினால் உள்ளே இருப்பவருக்கு இடி விழுந்தாலும் கேட்காது என்று தம்பி கட்டும்போதே கத்தியதால், வெல்டர் கதவைத் திறந்தபடி மாட்டி வைக்க ஒரு கொக்கி பற்றவைத்து, அதற்குச் சிவப்புப் பெயின்ட் அடித்திருந்தான்.

தம்பி கதவைத் திறந்து கொக்கியில் மாட்டினான். குளிர் ஒரு ஆள் மாதிரி உள்ளே நுழைந்தது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான். அக்காவின் விரல் நுனிகள் சக்கரத்தின் மேல் வெளுக்கத் தொடங்கியிருந்தன. அவள் கையை மடக்கி வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஊதினாளே தவிரத் திரும்பிப் பார்க்கவில்லை.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. தம்பி கதவுக் கொக்கியைக் கழற்றினான். மெதுவாகச் சாத்தலாம் என்று கதவைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்துப் படகு சாய்ந்தது. கதவு அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய்ப் படாரென்று அறைந்து மூடியது.

உள்ளே அக்காவுக்கு அது முதுகில் விழுந்த அடி மாதிரி இருந்தது. 'மூஞ்சில அடிக்கிற மாதிரி சாத்திட்டுப் போறான் பாரு,' என்று நினைத்தாள். எழுந்து போய்த் திறந்து வைத்திருக்கலாம். அவளுக்கும் விதி தெரியும். ஆனால் இப்போது போய்த் திறந்தால் அவனுக்காக இறங்கி வந்த மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்தே இருந்தாள்.

வைப்பர் துடைக்கிற இடைவெளியில் அவன் முனைக்கு ஊர்ந்து போவது தெரிந்தது. சுருட்டுக் கயிறு எங்கோ சிக்கியிருந்தது. மண்டியிட்டுப் பிடித்து உலுக்கினான். ஒரு அலை அவன் மேல் ஏறி இறங்கியது. பாய் சுருண்டது. அவன் எழுந்து, சாய்ந்த பக்கமாகவே பின்னால் வரத் தொடங்கினான். பிறகு பக்கக் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே போய் மறைந்தான். உட்கார்ந்த இடத்திலிருந்து தளத்தின் ஓரம் தெரியாது. அது இந்த அறையின் இன்னொரு குறை. அதையும் அவன் சொல்லியிருக்கிறான்.

இனி பின்பக்கப் பலகையில் போய் உர்ரென்று உட்கார்ந்திருப்பான். பின் கண்ணாடிக்கு வைப்பர் இல்லை, மழை வழிந்து எல்லாம் கலங்கித் தெரியும். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. 'உக்காரட்டும். குளிரட்டும். அப்பதான் அருமை தெரியும்.'

அவன் பலகைக்கு வந்து சேரவில்லை.

பாய்மரத்தைத் தாண்டி வரும்போது தளம் காலடியிலிருந்து போனது. பிடித்த கம்பி ஈரத்தில் வழுக்கியது. ஓரக் கம்பிக்கு மேலாகத் தலை போயிற்று, கால் போயிற்று, பிறகு நெஞ்சில் பட்டை வெட்டி இழுத்தது. கொக்கி பிடித்துக்கொண்டது. அதனால் கடல் அவனைக் கொண்டுபோகவில்லை. ஆனால் படகு அவனை இழுத்துக்கொண்டு ஓடியது. இடுப்புவரை தண்ணீர், அலை வந்தால் தலைவரை. மிதவைச் சட்டை ஊதி எழுந்து தாடையை மேலே தள்ளியது. ஒரு கை ஓரக் கம்பியின் அடிக்காலைப் பிடித்திருந்தது. அந்தக் கையை மடக்கி ஏற முயன்றான். நனைந்த கோட்டும் ஓடுகிற தண்ணீரும் சேர்ந்து இழுத்தன. பட்டறையில் இடுப்பில் கம்பிச்சுருளைக் கட்டிக்கொண்டு மரம் ஏறுகிறவன் அவன். ஒரு சாண் ஏற முடியவில்லை.

"அக்கா!"

கத்திய வாய்க்குள் கடல் நுழைந்தது. இருமித் துப்பிவிட்டு மறுபடியும் கத்தினான். தலைக்கு மேலே, கை நீட்டினால் எட்டிவிடும் போன்ற தூரத்தில், கண்ணாடிக்குள் மஞ்சள் வெளிச்சம் எரிந்தது. அவளுடைய தோள் தெரிந்தது. அசையாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

'கதவை நான்தானே சாத்துனேன்' என்று அப்போது அவனுக்கு உறைத்தது. கெட்ட வார்த்தை ஒன்று வந்தது. அது அவனுக்கே சொல்லிக்கொண்டது.

நெஞ்சுப் பட்டையில் இரண்டாவது கொக்கி தளர்வாகத் தொங்கி அலைந்தது. அதைப் பிடித்தான். படகின் இரும்பு விலாவில் ஓங்கி அடித்தான். டங். மறுபடி. டங். அலை மூடியது, மூச்சைப் பிடித்தான், தலை வெளியே வந்ததும் அடித்தான். விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன. கொக்கி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்காவின் விரலுக்குத் தினமும் நடப்பது இதுதான் போலும்.

மேலே அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை. விசிறி இரைந்தது, வைப்பர் முட்டியது. கைக்கு உயிர் வந்திருந்தது. விரல் நுனிகள் சிவந்து ஊறலெடுத்தன. அவளுக்குக் கோபமும் கொஞ்சம் ஆறியிருந்தது. உள்ளே வரட்டும், டீ போட்டுக் கொடுத்துவிட்டுப் பேசலாம் என்று நினைத்தாள். இல்லை, அவனே போட்டுக்கொள்ளட்டும்.

கீழே கட்டிலில் வெல்டர் காதைப் பொத்திக்கொண்டான். தலைமாட்டுச் சுவரில் யாரோ தட்டிக்கொண்டே இருந்தார்கள். கப்பல் வயிற்றுக்குள் படுத்து வேலை பார்க்கிறவனுக்கு வெளியே சுத்தியல் விழுவது புதிதில்லை. பாதி மயக்கத்தில் பட்டறையில் இருப்பதாகவே நினைத்தான். வேலை நேரம் முடிந்தும் எவனோ தட்டுகிறான். திட்ட வேண்டும். இன்னும் கொஞ்சம் பொறுத்தான். தட்டு நின்றது. அப்பாடா என்றிருந்தது. மறுபடியும் கேட்டது, இந்த முறை பலமில்லாமல்.

எரிச்சலோடு எழுந்து, வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறித் தலையை நீட்டினான்.

"உன் தம்பிகிட்டச் சொல்லு, அந்தச் சுத்தியலைக் கீழ வைக்கச் சொல்லு. மண்டை வெடிக்குது."

"சுத்தியலா? அவன் சுத்தியல் எதுவும் எடுத்துட்டுப் போகலையே. பின்னாடிதான் உக்காந்திருக்கான்."

"பின்னாடியா? என் தலைமாட்டுல தட்டுறான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். வெல்டரின் தலைமாட்டுக்கு அந்தப்புறம் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை.

அக்கா எழுந்து பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக் கீழே பார்த்தாள். ஓரக் கம்பியின் அடியில் ஒரு கை. அவ்வளவுதான் தெரிந்தது.

"ஏங்க!"

சக்கரத்தை முழுவதுமாகச் சுழற்றினாள். படகு காற்றுக்கு நேராக மூக்கைத் திருப்பியது. பெரிய பாய் விறைப்பு விட்டுப் படபடவென்று அடித்துக்கொண்டது, மொத்தப் படகும் நடுங்கியது. வேகம் செத்தது. சாய்வு நிமிர்ந்தது.

"எஞ்சினைப் போடட்டுமா?" என்றாள்.

"போடாத! அடியில சுத்துற விசிறி அவன் காலை அறுத்துடும்!"

வெல்டர் வாளியைப் போட்டுவிட்டு, படியோரம் தொங்கிய தன் வார்ப்பட்டையை மாட்டிக்கொண்டே கதவைத் திறந்து ஓடினான். சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாதவன் இப்போது தளத்தில் வயிற்றால் ஊர்ந்தான். தன் கொக்கியை மாட்டினானா இல்லையா என்று அக்காவுக்குத் தெரியவில்லை.

"கொக்கியை மாட்டுங்க! கொக்கி!"

"மாட்டிட்டேன்டி! கயிறு குடு!"

பாய்மரத்தின் உச்சி வழியாக உதிரியாக ஒரு கயிறு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வந்து, கொக்கி கட்டிய அதன் நுனியை அவிழ்த்து அவனிடம் வீசினாள். அவன் ஓரத்தில் குப்புறப் படுத்து, இடுப்புக்கு மேலே வெளியே தொங்கினான். தம்பியின் முகம் நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் யாரையும் பார்க்கவில்லை.

"மச்சான்! டேய்! என்னைப் பாருடா!"

"மாமா..."

"பேசாத. தண்ணி குடிக்காத. இருடா."

கயிற்றின் கொக்கியைத் தம்பியின் நெஞ்சுப் பட்டையில் மாட்ட வேண்டும். ஒரு அலை வந்து வெல்டரின் கையைத் தட்டிவிட்டது. மறுபடியும் நீட்டினான். தவறியது. மூன்றாம் முறை வளையம் கொக்கிக்குள் விழுந்து க்ளிக்கென்றது.

"சுத்து!"

அறையின் பின்னால், கதவுக்கு வெளியே, கயிறு இழுக்கும் வின்ச் இருந்தது. அக்கா அதில் கயிற்றைச் சுற்றி, கைப்பிடியைச் செருகிச் சுழற்றத் தொடங்கினாள். மழை முகத்தில் குத்தியது. இரும்புக் கைப்பிடி பனிக்கட்டி. கயிறு முறுகிக்கொண்டு அழுதது. வின்ச்சின் பற்கள் ஒவ்வொன்றாகக் கடித்து நகர்ந்தன. தண்ணீரில் ஊறிய ஒரு முழு ஆளின் எடை. தோளைக் கொடுத்துச் சுற்றினாள். விரல் நுனி வெளுத்தது. முதல் கணு வெளுத்தது. இன்னும் பிடி இருந்தது. காலையிலிருந்து வெளியே நின்று ஓட்டி வந்திருந்தால் இந்நேரம் இந்தக் கைகள் இரண்டு மரக்கட்டைகள். அதை நினைக்க இப்போது நேரமில்லை.

"இன்னும்! இன்னும்! கால் மாட்டுது, நிறுத்து! ம், சுத்து!"

நடுக்கணுவரை வெளுத்தது. பிடி தெரியவில்லை. கைப்பிடி கையில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துப் பார்த்துச் சுற்றினாள். பிடி நழுவியபோது மணிக்கட்டை வளைத்து மாட்டிக்கொண்டு இழுத்தாள். தம்பியின் இடுப்பு ஓரக் கம்பிக்கு மேல் வந்தது. வெல்டர் அவன் கால்சட்டையைக் கொத்தாகப் பிடித்து உள்ளே இழுத்தான். இருவரும் தளத்தில் ஒருவர் மேல் ஒருவராக விழுந்தார்கள்.

கண்ணாடி அறைக்குள் கொண்டுவந்து ஈரத்தை உரித்தார்கள். இருந்த போர்வை எல்லாவற்றையும் அவன் மேல் போட்டார்கள். ஹீட்டரை முழுவதும் திருகினாள் அக்கா. கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து வெளியே எதுவும் தெரியாமல் போயிற்று. தம்பியின் பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. அது நல்லது. நடுக்கம் நின்றால்தான் பயம் என்று பட்டறையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

"கதவை ஏன்டா சாத்துன?" என்றாள் அக்கா. "திட்டணும்னா திட்டிட்டுப் போயேன். அந்த அறை அறைஞ்சு சாத்துன பாரு, அதனாலதான் நான் திரும்பிக்கூடப் பாக்கல. தெரியுமா உனக்கு?"

"அறையல. காத்து... பிடுங்கிடுச்சு."

"காத்தா பிடுங்குச்சு? நீதானே கொக்கியைக் கழட்டுன? கழட்டக் கூடாதுன்னு நீதானே சட்டம் போட்ட?"

தம்பி போர்வைக்குள்ளிருந்து அவள் கைகளைப் பார்த்தான். இன்னும் வெளுத்தே இருந்தன. ஒரு விரலில் தோல் கிழிந்து ரத்தம் கசிந்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"நீ கையை ஊதுன," என்றான்.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் போர்வையோடு சேர்த்து அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அறிவு இருக்காடா உனக்கு? என் விரலுக்காகச் செத்திருப்பியேடா! எருமை!"

"அடிக்காத அவனை. கஷ்டப்பட்டுத் தூக்கியிருக்கேன்," என்றான் வெல்டர். சொல்லிவிட்டு வாளியைத் தேடினான்.

முனையில் படபடவென்று ஏதோ அடித்தது. ஆவியைத் துடைத்துப் பார்த்தாள். சுருட்டிய முன்பாய் அவிழ்ந்துகொண்டிருந்தது. படகு நிலையில்லாமல் தடுமாறிய நேரத்தில் கயிறு தளர்ந்திருக்க வேண்டும். ஒரு முனை ஏற்கெனவே காற்றில் விரிந்து துடித்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் முழுப் பாயும் விரிந்து படகை மறுபடி படுக்க வைத்துவிடும். யாராவது போக வேண்டும்.

தம்பி எழப் பார்த்தான். முழங்கால் மடங்கி உட்கார்ந்தான்.

"நான் போறேன்," என்றாள் அக்கா.

"எந்தக் கையால?" என்றான் வெல்டர். வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். நெஞ்சில் தொங்கிய கொக்கியை அவள் பார்க்கும்படி இழுத்துக் காட்டினான். பிறகு கதவை முழுவதும் திறந்து சிவப்புக் கொக்கியில் மாட்டினான். குளிர் மறுபடியும் உள்ளே வந்து, சேர்த்து வைத்த சூட்டையெல்லாம் ஒரே மூச்சில் குடித்தது.

அவன் தளத்துப் பட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டு மழைக்குள் ஊர்ந்து போனான். அக்கா சக்கரத்தைப் பிடித்தாள். ஹீட்டரை அணைத்தாள். விசிறி நின்றதும் கடலின் சத்தம் முழுதாகக் கேட்டது. இவ்வளவு சத்தமா இத்தனை நேரம் வெளியே இருந்தது என்றிருந்தது.

"ஏங்க!"

"இருக்கேன்!"

பக்கக் கண்ணாடியின் விளிம்புக்குக் கீழே அவன் மறைந்தான்.

"ஏங்க!"

"இருக்கேன்டி!"

அவளுடைய விரல்கள் மறுபடி வெளுத்துக்கொண்டு வந்தன. தம்பி அதைப் பார்த்தான். அவன் கை போர்வைக்குள்ளிருந்து தானாகக் கதவுப் பக்கம் நீண்டது.

"தொட்ட, கையை ஒடிச்சிடுவேன்," என்றாள் அவள், திரும்பாமலே.

கை போர்வைக்குள் போயிற்று.

முனையில் ஒரு அலை உடைந்தது. வெள்ளையாக எழுந்து பாய்மரத்தை மூடி, தளம் முழுவதும் வழிந்து ஓடியது. வைப்பர் துடைத்த இடத்தில் யாரும் தெரியவில்லை.

"ஏங்க!"

பதில் இல்லை. தம்பி போர்வையை உதறிவிட்டு வாசலுக்குத் தவழ்ந்து, நிலையைப் பிடித்துக்கொண்டு வெளியே தலையை நீட்டினான். சக்கரம் அவள் கையில் இருந்தது. இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள்.

"மாமா! மாமா!"

காற்று. தண்ணீர் வழியும் சத்தம். பிறகு முன்னாலிருந்து யாரோ தொண்டை கிழிய இருமித் துப்பினார்கள்.

"இருக்கேன்டா! வாய்ல தண்ணியோட எப்படிடா பதில் சொல்றது?"

"சொல்லிக்கிட்டே இரு மாமா!"

"என்னத்தடா சொல்றது?"

"எதையாவது சொல்லு! திட்டு!"

வெல்டர் திட்டத் தொடங்கினான். கடலை, படகை, மச்சானை, இந்தக் குடும்பத்தில் பெண்ணெடுத்த நாளை. கயிற்றை இழுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு திட்டு விழுந்தது. அக்கா வெளுத்த கைகளால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்றையும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.